தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும்: எண்ணெய் விலை சரிந்தால் யார் தாங்குவார்?

எண்ணெய் என்றதும் மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பாமாயிலும்தான். டின்னுக்கு இருபது ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அரை மணி நேரத்தில் பெரிய கடை வீதி முழுவதும் செய்தி பரவிவிடும்.

ஆனால் நம் வியாபாரம் ஓடுவது இன்னோர் எண்ணெயினால். விருதுநகர்ப் பருப்பும், சேலத்து ஜவ்வரிசியும், ஈரோட்டு மஞ்சளும், நாசிக் வெங்காயமும் திருச்சியில் வந்து இறங்குவது டீசலை நம்பித்தான். லாரி வாடகை என்ற பெயரில் அந்த எண்ணெய் ஒவ்வொரு மூட்டையின் அடக்க விலையிலும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நமது நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஆகவே உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் காந்தி மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்கும் வந்து சேராமல் போகாது.

கச்சா எண்ணெய் விலை இறங்கியது என்று பத்திரிகையில் படித்தால் நாம் மகிழ்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் எண்ணெய் எடுப்பவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதானே? தம் சரக்கின் விலை பாதியாகக் குறையும்போது அவர் என்ன செய்கிறார்? கடையை அடைக்கிறாரா, நஷ்டத்துக்காவது விற்கிறாரா? இதற்கு விடை தெரிந்தால் மலிவு விலை எத்தனை நாள் நீடிக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். நம் கடைக் கணக்குக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இந்தக் கேள்வியை ஆராய இரண்டு வகை எண்ணெய் உற்பத்தியாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கனடாவின் எண்ணெய் மணல்காரர். மற்றவர் அமெரிக்காவின் ஷேல் பாறைக்காரர்.

மணலில் ஒரு வகை, பாறையில் ஒரு வகை

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஃபோர்ட் மக்மரி என்ற ஊரைச் சுற்றிப் பூமிக்கடியில் கிடப்பது மணலோடு ஒட்டிப் பிசைந்த எண்ணெய். ரோடு போட ஊற்றும் தார் போலக் கெட்டியானது. மேலாக உள்ள மணலை வெட்டி, 400 டன் சுமக்கும் ராட்சத லாரிகளில் ஏற்றிச் சென்று, வெந்நீரில் கழுவி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு, அதாவது 159 லிட்டருக்கு, சுமார் இரண்டு டன் மணல் வெட்ட வேண்டும். ஆழத்தில் உள்ளதை வெட்ட முடியாது. அங்கே பெரிய பாய்லர்களில் நீராவி உண்டாக்கி உள்ளே செலுத்தி, எண்ணெயை இளக்கி மேலே எடுக்கிறார்கள். திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. நீராவி உண்டாக்க எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தத் தொழிலில் முதல் பெரிய ஆலை 1967-ல் தொடங்கியது. 2018 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோர்ட் ஹில்ஸ் சுரங்கத்துக்கு ஆன செலவு சுமார் 1,700 கோடி கனடிய டாலர். முடிவெடுத்ததிலிருந்து முதல் பீப்பாய் வரும்வரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். ஆனால் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்.

ஷேல் என்பது ஏடு ஏடாகப் படிந்த இறுகிய பாறை. எண்ணெய் அதற்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. செங்குத்தாக ஒன்றிரண்டு மைல் துளையிட்டு, பிறகு படுக்கைவாக்கில் திருப்பி மேலும் துளையிட்டு, தண்ணீரையும் மணலையும் இரசாயனத்தையும் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல்விடச் செய்கிறார்கள். 1990-களில் டெக்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் எரிவாயுவுக்காகப் பாடுபட்டுத் தேர்ந்த முறை இது. பின்னர் எண்ணெய்க்கும் பரவியது. ஒரு கிணற்றைச் சில வாரங்களில் தோண்டிவிடலாம். செலவும் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் முதலாண்டு முடிவதற்குள் அந்தக் கிணற்றின் வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். உற்பத்தியைக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமானால் புதுக் கிணறு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எண்ணெய் மணல் என்பது தென்னந்தோப்பு. ஷேல் என்பது தொட்டியம், லாலாபேட்டைப் பக்கத்து வாழைத் தோட்டம். தென்னையை வைத்துவிட்டு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும், முதல் போட வேண்டும். பிறகு மரம் வாழ்நாள் முழுவதும் காய்க்கும். வாழை ஓராண்டுப் பயிர். மறுதாம்பு விட்டாலும் முதல் விளைச்சலுக்கு ஈடாகாது. இப்போது விலை விழுந்தால் என்ன நடக்கும்? வாழைக்காரர் அடுத்த நடவை நிறுத்திவிடுவார். தென்னைக்காரர் மரத்தை வெட்டிப் போடுவாரா? தேங்காய் என்ன விலைக்குப் போனாலும் பறிகூலி கட்டுமானால் பறித்துக்கொண்டேதான் இருப்பார்.

2014 முதல் 2016 வரை நடந்தது

2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர் அளவில் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அமெரிக்க ஷேல் உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு பெருகிச் சந்தையில் சரக்கு மிகுந்திருந்தது. 2014 நவம்பரில் கூடிய ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தன. புதிதாகக் கடை போட்டவரை விலையை இறக்கி விரட்டும் பழைய தந்திரம் என்றே அப்போது பலரும் அதைப் பேசினார்கள்.

வாழைக்காரர் நடவை நிறுத்தினார். 2014 அக்டோபரில் அமெரிக்காவில் எண்ணெய்க்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த எந்திரங்கள் 1,609. 2016 மே மாதம் அவை 316. ஐந்தில் நான்கு எந்திரம் நின்றுவிட்டது. ஆனாலும் உற்பத்தி உடனே குறையவில்லை. 2015 ஏப்ரல் வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. நாள் ஒன்றுக்கு 96 லட்சம் பீப்பாய் அளவைத் தொட்ட பிறகே இறங்கத் தொடங்கி, 2016 இலையுதிர் காலத்தில் 85 லட்சம் அளவுக்கு வந்தது. நட்டது காய்த்து முடியும்வரை சந்தைக்கு வரத்து இருக்கும் அல்லவா? பலர் தம் சரக்கை முன்பேரத்தில் நல்ல விலைக்கு விற்றுவைத்திருந்ததும் ஓராண்டுக்குக் கைகொடுத்தது. வேறு சிலர் கிணற்றைத் துளையிட்டு, பாறையை உடைக்காமல் அப்படியே மூடி வைத்தார்கள். விலை ஏறட்டும் என்று கிடங்கில் மூட்டையை அடுக்குவது போல, அவர்கள் பூமியையே கிடங்காக்கிக்கொண்டார்கள்.

இருந்தும் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளில் வட அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய், எரிவாயு உற்பத்தி நிறுவனங்கள் மஞ்சள் கடுதாசி கொடுத்தன. கிணறு வற்றியதால் அல்ல. வட்டிக்கு வாங்கிய பணத்தில் வேகமாக வளர்ந்ததால் வந்த வினை அது.

கனடாவில் வேறு காட்சி. எண்ணெய் மணல் உற்பத்தி அந்தச் சரிவுக் காலத்திலும் பெருகியது. முன்பே பணம் போட்டுக் கட்டிய ஆலைகள் அப்போதுதான் ஓடத் தொடங்கின. நிறுத்தினாலும் பெரும்பகுதிச் செலவு நிற்காது. நீராவியை நிறுத்தினால் பூமிக்கடியில் சூடு ஆறிப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பாடுபட வேண்டும். ஆகவே விற்றுக்கொண்டே செலவைக் குறைத்தார்கள். சன்கோர் நிறுவனத்தில் பீப்பாய்க்கு ரொக்கச் செலவு 2014-ல் 33 கனடிய டாலருக்கு மேல் இருந்தது. 2015-ல் 28-க்கும் கீழே இறங்கியது. 2016 மே மாதம் ஃபோர்ட் மக்மரியைக் காட்டுத் தீ சூழ்ந்து ஊரே காலியானபோதுதான் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. விலையால் நிறுத்த முடியாததைத் தீ நிறுத்தியது.

ஆனால் புதுத் தோப்பு வைக்க யாரும் முன்வரவில்லை. ஷெல் நிறுவனம் 2015 அக்டோபரில் கார்மன் கிரீக் திட்டத்தைக் கைவிட்டு 200 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2017-ல் அந்த நிறுவனமும் கொனொகோபிலிப்ஸும் தங்கள் எண்ணெய் மணல் சொத்துகளில் பெரும்பகுதியை விற்றன. வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்களான கனடியன் நேச்சுரல், செனோவஸ் நிறுவனங்கள். தொழிலின் சூட்சுமம் தெரிந்தவர் மலிவாக வாங்கிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

பாலம் அடைபட்டால் விலை இல்லை

எண்ணெய் மணல்காரருக்கு இன்னொரு குறை உண்டு. சரக்கு கெட்டி, தரம் இரண்டாந்தரம், சந்தையோ தூரம். ஆல்பர்ட்டாவுக்குக் கடல் கிடையாது. குழாய் வழியாகத்தான் எண்ணெய் வெளியேற வேண்டும். குழாயில் இடமில்லையென்றால் வாங்குபவர் வைத்ததே விலை.

2022-ன் பிற்பகுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்படும்வரை, ஸ்ரீரங்கத்துக்குச் சரக்கு வண்டிகள் சென்னை பைபாஸ் வழியே சுற்றி வந்ததை நாம் மறக்கவில்லை. சரக்கில் குறையில்லை, வாடிக்கையாளர் குறையவில்லை. ஆனாலும் வழி அடைபட்டால் இலாபம் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ஆல்பர்ட்டாவில் 2018 இறுதியில் இதே கதை. அமெரிக்க எண்ணெய்க்கும் கனடாவின் கனத்த எண்ணெய்க்கும் விலை வித்தியாசம் பீப்பாய்க்கு 40 டாலருக்கும் மேல் போயிற்று. மாநில அரசே தலையிட்டு 2019 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 3,25,000 பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டது. 2024 மே மாதம் பசிபிக் கரைக்குச் செல்லும் விரிவுபடுத்தப்பட்ட குழாய் திறந்த பிறகே நிலைமை சற்றுத் தெளிந்தது.

ஷேல்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் சரக்கு இலகுவானது. டெக்சாஸின் சுத்திகரிப்பு ஆலைகளும் துறைமுகங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. மார்க்கெட் வாசலில் கடை வைத்திருப்பவருக்கும் ஊர்க்கோடியில் வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

2020: விற்பவரே பணம் கொடுத்த நாள்

2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நடந்த நாட்களை நம்மில் யாரும் மறக்க முடியாது. அதே காலத்தில், 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் 63 சென்டில் முடிந்தது. சரக்கை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவர் பணம் கொடுக்க வேண்டிய நிலை! கேட்பவர்களுக்கு இது விந்தை. தக்காளி வியாபாரிக்கு விந்தையல்ல. அழுகத் தொடங்கிய தக்காளியை அள்ளிப்போகக் கைக்காசு கொடுத்து வண்டி பிடித்தவர்கள் நம்மிடையே உண்டு. எண்ணெய் அழுகாது, ஆனால் அன்று வைக்க இடமில்லை. பெட்ரோல் போட ஆளில்லாததால் ஓக்லஹோமா மாநிலத்துக் கஷிங் ஊரில் உள்ள கிடங்குத் தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

இம்முறை இருவருமே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் துளையிடும் எந்திரங்கள் ஆகஸ்டில் 172 ஆகக் குறைந்தன. ஷேல் தொழிலின் முன்னோடிகளில் ஒன்றான செசபீக் நிறுவனம் ஜூனில் திவால் மனு கொடுத்தது. கனடாவிலும் நீராவிக் கிணறுகளை மெதுவாக்கினார்கள், சில ஆலைகளில் பாதியை அடைத்தார்கள். ஒரே தொழிலில் இருந்த இரு நிறுவனங்களின் நடப்பைப் பாருங்கள். சன்கோர் பங்குதாரருக்குத் தரும் ஆதாயத்தை 100-க்கு 55 குறைத்தது. கனடியன் நேச்சுரல் குறைக்கவில்லை. ஆகத் தென்னந்தோப்பு வைத்தால் மட்டும் போதாது. தோப்பின்மேல் எவ்வளவு செலவு ஏறி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வென்றவர் யார்?

பழைய எண்ணெய் மணல் ஆலை, கடன் அடைந்த ஆலை, விலை வீழ்ச்சியை நன்றாகத் தாங்குகிறது. புது எண்ணெய் மணல் ஆலை தாங்குவதில்லை. போட்ட முதலுக்கு விலை கட்டாது. ஷேலோ உடனே சுருங்கும், விலை திரும்பினால் உடனே விரியும். ஆனால் கடனில் வளர்ந்த ஷேல் நிறுவனம் விரிவதற்குள் ஆளே மாறிவிடுவார்.

அமெரிக்க மைய வங்கியின் டல்லாஸ் கிளை ஆண்டுதோறும் எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டு வெளியிடும் கணக்கு இதைத் தெளிவாக்கும். 2025-ல், ஏற்கெனவே உள்ள கிணற்றை ஓட்டச் சராசரியாகப் பீப்பாய் 41 டாலர் கிடைத்தால் போதும். புதுக் கிணறு தோண்டிக் கட்டுபடியாக 65 டாலர் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விலை நிற்கும்போது பழைய கிணறு ஓடும், புதுக் கிணறு தோண்டப்படாது. ஓராண்டுக்குள் வரத்து தளரும். விலை மீண்டும் எழும். மலிவு எண்ணெய் தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறது என்பதற்கு இதுவே காரணம். 2022-ல் உக்ரைன் போரின்போது 120 டாலரைத் தாண்டியது போன்ற திடீர் ஏற்றங்களை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

நமது நாட்டினரும் இந்தப் பள்ளியில் படித்தவர்களே. ரிலையன்ஸ் நிறுவனம் 2010-ல் அட்லஸ், பயனீர் உள்ளிட்ட மூன்று அமெரிக்க நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ஷேலில் நுழைந்தது. விலைகள் சரிந்தபின் படிப்படியாக விற்று 2021-ல் முற்றிலும் வெளியேறியது. அதே பயனீரை 2024-ல் எக்ஸான்மொபில் சுமார் 6,000 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. ஒருவர் விட்டு விலகிய கடையை இன்னொருவர் பெருவிலை கொடுத்து வாங்குவதும் வியாபாரத்தில் நடப்பதுதான்.

நம் மண்ணுக்கு அடியிலும் எண்ணெய் உண்டு. நரிமணம் பகுதியில் ஓ.என்.ஜி.சி. பல்லாண்டுகளாக எடுத்துவருகிறது. ஷேல் வேலைக்கு ஒவ்வொரு கிணற்றுக்கும் ஏராளமான தண்ணீர் வேண்டும். காவிரித் தண்ணீருக்கு நெல் காத்திருக்கும் ஊரில் இது எளிதில் ஒத்துக்கொள்ளும் விஷயமல்ல. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். 2020-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் குறிப்பிட்ட பகுதிகளில் புதிய எண்ணெய், எரிவாயு, ஷேல் வாயு வேலைகளுக்குத் தடை விதித்தது. டெல்டா அரிசியை விற்றுப் பிழைக்கும் நமக்கும் இதில் அக்கறை உண்டு.

மலிவு நம் வாசலுக்கு வந்ததா?

கச்சா எண்ணெய் பாதியாக விழுந்தபோதும் லாரி வாடகை பாதியாகவில்லையே என்று வணிகர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. ஆனால் 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தியது. 2020 மே மாதம் ஒரே இரவில் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கூட்டியது. அதே மாதம் மாநில அரசும் தன் வரியை உயர்த்தியது. உலகம் கொடுத்த தள்ளுபடியில் பெரும்பகுதி கஜானாவுக்குப் போயிற்று, நமக்குச் சில்லறை மிஞ்சியது.

அரசு செய்த ஒரு நல்ல வியாபாரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களின் நிலவறைக் கிடங்குகளை, சராசரி 19 டாலர் விலையில் வாங்கிய எண்ணெயால் நிரப்பினார்கள். மிச்சம் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அறிவித்தது. இடமும் கைமுதலும் உள்ளவருக்கே மலிவு இலாபமாகும்.

நம் பேரேட்டில் எழுத வேண்டியவை

முதலாவது, செலவை இரண்டாகப் பிரித்து எழுதுவோம். கடை திறந்தாலும் மூடினாலும் ஆகும் செலவு ஒன்று: வாடகை, வட்டி, நிரந்தரச் சம்பளம். விற்றால் மட்டும் ஆகும் செலவு மற்றொன்று. முதல் வகை அதிகமாக உள்ளவர் மந்த காலத்திலும் விற்றுத்தான் ஆக வேண்டும். அவர் நல்ல காலத்திலேயே கடனை அடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, பெரிய கடை வீதியில் சொந்தக் கட்டடத்தில் தலைமுறையாக நடக்கும் கடை காய்த்துவிட்ட தென்னை. அதைப் பார்த்து, கடன் வாங்கிக் கண்ணாடியும் குளிர்சாதனமும் வைத்துப் புதுக் கடை தொடங்கும் இளைஞர் தாமும் தென்னைக்காரர் என்று நினைக்கக் கூடாது. அவருடையது இன்னும் நீர் ஊற்ற வேண்டிய கன்று. விலை உச்சத்தில் இருக்கும்போது கன்று வைப்பவர்தான் சரிவில் முதலில் அகப்படுகிறார்.

மூன்றாவது, சீசன் வியாபாரம் செய்பவர் வாழைக்காரர். அதில் இழிவில்லை. சுருங்கவும் விரியவும் முடிவதே அவர் பலம். அந்தப் பலத்தை வட்டிக்கடனில் அடகு வைத்துவிடக் கூடாது.

நான்காவது, லாரி வாடகை. டீசல் ஏறும்போது வாடகையை உயர்த்தத் தவறாத லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள், இறங்கும்போது தாமே குறைப்பதில்லை. இன்ன விலைக்கு இன்ன வாடகை, டீசல் இவ்வளவு மாறினால் வாடகை இவ்வளவு மாறும் என்று ஏறினாலும் இறங்கினாலும் செல்லும்படி எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது. தனித்தனியே கேட்டால் நடக்காது. ஒரே ஊரிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் சேர்ந்து கேட்டால் நடக்கும். மலிவு அதிக நாள் நிற்காது என்பதைப் பார்த்தோம். ஆகவே இறங்கிய மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆல்பர்ட்டாவும் டெக்சாஸும் தூரத்து ஊர்கள். ஆனால் அங்கே தாங்கி நின்றவர்களும் விழுந்தவர்களும் நம்மிலிருந்து வேறானவர்களல்லர். விலை அவர்கள் கையில் இல்லை, செலவும் கடனும் இருந்தன. கையில் இருந்ததைக் கவனித்தவர்கள் மறுபடி விலை ஏறிய நாளில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள்.